சமனா விரிகுடாவில் நான் காணாதது

பெயர்: கந்தையா நவரட்ணம். வயது: 68. தொழில்: ஓய்வுபெற்ற பாடசாலை பஸ் சாரதி. வதிவிடம்: மோர்னிங்சைட், ஸ்காபரோ, ரொறன்ரோ. 2025 மே 9ஆம் திகதி சட்டத்தரணி அலுவலகத்தில் நான் தமிழில் சொல்ல, அங்கு பணிபுரியும் நிசாந்தன் எழுதியது.

என் தங்கை யோகமலரின் கணவர் பரராசசிங்கம், வயது 66, கடந்த பெப்ரவரி 18ஆம் திகதி டொமினிக்கன் குடியரசின் சமனா விரிகுடாவில் திமிங்கிலம் பார்க்கும் படகிலிருந்து காணாமற் போனார். உடல் கிடைக்கவில்லை. அவரை இறந்தவராகப் பிரகடனம் செய்யும்படி அவரது மகள் நிலாணி ரொறன்ரோ நீதிமன்றத்தில் மனுச் செய்கிறாள். அவர் விழுந்ததை நேரில் கண்ட ஒரே சாட்சி நான் என்று அந்த மனுவில் எழுதப்பட்டுள்ளது.

அந்தப் பயணத்தை ஒழுங்குசெய்தவள் என் தங்கை. குளிர்காலத்தில் கனடாப் பக்கத்துக் கடலிலிருந்து திமிங்கிலங்கள் குட்டி போடுவதற்கு அந்த விரிகுடாவுக்குப் போகின்றன என்று தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "திமிங்கிலமே இந்தக் குளிருக்கு ஓடித் தப்புது, நாங்கள் மட்டும் ஏன் ஸ்னோ தள்ளிக்கொண்டு கிடக்கிறம்?" என்று கேட்டு, தனக்கும் கணவருக்கும் பெப்ரவரி மாதத்துக்கு இடம் பதிந்தாள். அதன் பின்னர் நவம்பரில் புற்றுநோயால் இறந்துபோனாள். மச்சான் அவளுடைய அஸ்தியை அந்தக் கடலிலேயே கரைப்பது என்று முடிவுசெய்தார். அவர் தனியே போவதை நிலாணி விரும்பாததால், தங்கையின் இடத்தில் நான் போனேன்.

நான் எதையும் முறைப்படி செய்யவேண்டும் என்பவன். மச்சான் என்னை "அரை ஐயர்" என்று பகிடி பண்ணுவார். முதல் நாள் ஹொட்டலில் அஸ்தியை ஒரு சிறிய மண் முட்டிக்கு மாற்றிக்கொண்டிருக்கும்போது, மேற்சட்டையோடு அஸ்தி கரைக்கக்கூடாது என்றும், கரைக்கும்போது உடன் வந்தவர் பார்க்கக்கூடாது என்றும், கரைத்த பிறகு இருவருமே திரும்பிப் பார்க்கக்கூடாது என்றும் அவருக்குச் சொன்னேன். "நீர் சொல்லுறபடியே செய்வம்" என்றார். வழமையாக என்னோடு இரண்டு வார்த்தை வாதாடாமல் விடமாட்டார். அன்றைக்கும் வாதாடியிருக்கலாம்.

18ஆம் திகதி காலை படகில் நாற்பது பேரளவில் இருந்தோம். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி தந்து, கழற்றவேண்டாம் என்று சொன்னார்கள். முட்டியைப் பற்றி நாங்கள் வாய் திறக்கவில்லை. சொன்னால் மறித்துவிடுவார்கள் என்று தடுத்தது நான். ஒரு மணித்தியாலம் ஓடிய பின்னர் படகின் இடப்பக்கத்தில் தாயும் குட்டியுமாக இரண்டு திமிங்கிலங்கள் எழும்பின. சனம் முழுவதும் அந்தப் பக்கம் போனது, பணியாளர்களும் போனார்கள். மச்சானும் போய்ப் பார்த்தார். குட்டி தாயின் முதுகில் ஏறிச் சறுக்குவதைக் கண்டு, "பாவி, உதைப் பாக்காமல் போட்டாள்" என்று தங்கையை நினைத்துச் சொன்னார்.

அதன் பின்னர் நாங்கள் இருவரும் ஆளில்லாத பின்பக்கத்துக்குப் போனோம். அவர் அங்கியைக் கழற்றினார். சேர்ட்டின் மேல் பொத்தானை நான்தான் கழற்றிவிட்டேன். முட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு, "இனி நீர் அங்கால திரும்பும் மச்சான்" என்றார். நான் திரும்பி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சாட்சரத்தை மனதுக்குள் சொல்லத் தொடங்கினேன். சிறிது நேரத்தில் தண்ணீரில் ஒரு சத்தம் கேட்டது. முட்டி என்று நினைத்தேன். அதன் பின்னர் அதைவிடப் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. அந்த நேரம் மற்றப் பக்கத்தில் சனம் கைதட்டிக் கூவியது. அதனால் திமிங்கிலம் என்று நினைத்தேன். நூற்றெட்டுத் தடவை சொல்லி முடிக்கும்வரை நான் திரும்பவில்லை.

திரும்பியபோது அங்கே அவர் இல்லை. அங்கியும், செருப்பும், அதன் மேல் நான்காக மடித்த சேர்ட்டும் இருந்தன. தங்கை அவரைக் கட்டிய நாற்பத்தொரு வருடத்தில் அவர் ஒரு துணியையாவது மடித்து நான் கண்டதில்லை. நான் கத்தினேன். படகைத் திருப்பினார்கள். இரண்டு நாள் தேடினார்கள்.

அங்குள்ள பொலிசார் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டபோது, ஈரமான தளத்தில் கால் வழுக்கி விழுந்ததைக் கண்டேன் என்று சொன்னேன். அதன் பின்னர் நிலாணி எனக்குப் போன் எடுத்தாள். "மாமா, ஒனஸ்ராச் சொல்லுங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. அப்பா விழுந்தவரா, இல்லாட்டித் தானாக் குதிச்சவரா? நீங்கள் பாத்தனீங்கள்தானே?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை, பாத்தனான். வழுக்கினவர்" என்றேன். அவள் கனநேரம் அழுதுவிட்டு, "தாங்ஸ் மாமா" என்றாள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் பிள்ளை இவ்வளவு நாளும் நித்திரை கொள்கிறாள்.

சென்ற வாரம், படகின் தளத்தைக் கழுவிய பெண்ணை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம் என்று நிலாணி எனக்குச் சொன்னாள். தளம் ஈரமென்று பொலிசாருக்குச் சொன்னவன் நான். தளம் காய்ந்திருந்தது. அன்று படகில் மச்சானுக்குத் தலைசுற்று வந்தபோது தேசிக்காய்த் துண்டு கொண்டுவந்து மணக்கக் கொடுத்தவர் அந்தப் பெண்.

அவர் தவறி விழுந்தாரா, தங்கையோடு போவதற்கென்று இறங்கினாரா என்பது எனக்குத் தெரியாது. நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அங்கியைக் கழற்றவைத்தது என் பேச்சு. முதலாவது சத்தத்திலேயே திரும்பியிருந்தால் கையை எட்டிப் பிடித்திருப்பேன் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன்.

நிலாணி இப்போது இந்த அலுவலகத்தின் வெளி அறையில் இருக்கிறாள். என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தவளும் அவள்தான். கையெழுத்து வைத்தவுடன் நானே போய் அவளுக்குச் சொல்லவேண்டும். அதுவரை இந்தத் தாளை அவள் கையில் கொடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேற்படி யாவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. இவை உண்மை. சமனாவில் பொலிசாருக்கும், அதன் பின்னர் என் மருமகளுக்கும் நான் சொன்னது உண்மை அல்ல.

(ஒப்பம்) க. நவரட்ணம்