பன்னெண்டாந்தேதி சாயங்காலம்

— மூணு மாசமா ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் லேட். அம்மா ஊசில என்னடா விளையாட்டு? பேசாம அவங்கள பிளைட் ஏத்தி நான் இங்க கூட்டிட்டு வந்துடறேன்.

— அக்கா, ஒண்ணரை வருஷம் எங்கூட வாயே திறக்கல. ஏன்னு கேட்டா ஒண்ணுமில்லன்னு போன வச்சிடுவ. இப்ப பேச ஆரம்பிச்சது அம்மாவ பிரிச்சுட்டுப் போகத்தானா?

— பேச்ச மாத்தாத. அடுத்த ஊசி ஆறாந்தேதின்னு என் ரிப்போர்ட்ல இருக்கு. போட்டாச்சுன்னு ஆஸ்பத்திரி மெசேஜ் வந்தது ஏழாந்தேதி.

— ஏழுதானே! கார்டுல நர்ஸ் எழுதிக் கொடுத்ததே ஏழுதான், சத்தியமா. அன்னிக்கு ஸ்கூல் பஸ்ஸ வேற டிரைவர் தலைல கட்டிட்டு அம்மாவ கூட்டிட்டுப் போனேன்.

— அப்ப நாம ரெண்டு பேரும் பார்க்கற ஆன்லைன் ஷீட்ல ஆறுன்னு போட்டது யாரு, பூதமா? தேதி போடறது நீதானே?

— நான் போட்டதும் ஏழுதான். இரு, பார்க்கறேன்... ஆமா, ஏழு. நீயும் என் பக்கத்த தொறந்து பாரேன்.

— உன் பக்கத்த நான் எதுக்கு பார்க்கணும்? அதையெல்லாம் எடுத்து என் ரிப்போர்ட்ல அழகா காட்டத்தான் அப்பா காலத்துலயே ஒரு ஃபங்ஷன், குட்டி புரோகிராம், எழுதி வச்சேனே.

— அப்ப உன் அழகு ஃபங்ஷன்லதான் கோளாறு.

— பதினாறு வருஷமா இதான்டா என் பொழப்பு. சரி, காலி கட்டத்துல இன்னிக்கு தேதிய போடு.

— போட்டாச்சு. இருபத்தி மூணு. உனக்கு என்னக்கா காட்டுது?

— இருபத்தி ரெண்டுன்னு காட்டுது.

— பார்த்தியா! பஸ் ஓட்டறவன்னா இளக்காரமா போச்சு.

— கொஞ்சம் இருடா. அந்த ஃபங்ஷன எழுதினப்ப முதல்ல தேதி எல்லாம் வெறும் நம்பராத்தான் வந்துச்சு. நாப்பத்தஞ்சாயிரத்து சொச்சம்னு.

— அது என்ன, லாட்டரி நம்பரா?

— ஷீட் தேதிய அப்படித்தான் எண்ணி வச்சுக்கும். அது தேதியா தெரியணும்னு நான் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி என் ஊர் நேரத்த எடுத்துக்குது. நீ போடற தேதி உன் ஊர் ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஆரம்பிக்குது. அப்ப எனக்கு இன்னும் முந்தின நாள்தான்.

— அதாவது நான் எந்தத் தேதி போட்டாலும் உனக்கு ஒரு நாள் குறைச்சுக் காட்டும்.

— ஆமாண்டா. எப்பவுமே.

— அப்பாடா! அப்ப அம்மா என்கூடவே இருக்கட்டும்ல?

— ம்... இருக்கட்டும்.

— எதுக்கு குரல் இப்படி இறங்குது? விடுக்கா, தப்பு எல்லாரும் பண்றதுதான். ஸ்கூல் லீவுன்னு தெரியாம ஒரு நாள் காலி பஸ்ஸ ஊர் பூரா ஓட்டினவன் நான்.

— டேய், அப்பாவ ஆஸ்பத்திரில சேர்த்தப்போ எனக்கு எப்ப போன் பண்ண?

— இப்ப எதுக்கு அது? பன்னெண்டாந்தேதி சாயங்காலம். ஸ்ட்ரெச்சர் உள்ள போச்சு, வாசல்ல நின்னே உனக்கு அடிச்சேன். உனக்கு அப்ப காலைல. நீ பிளைட் பிடிச்சு வர்றதுக்குள்ளதான் எல்லாம் முடிஞ்சு போச்சு.

— ஷீட்ல அப்பாவோட பக்கத்துக்கும் இதே ஃபங்ஷன்தான்டா.

— அதுக்கென்ன?

— அப்பாவ சேர்த்ததா நீ போட்ட தேதிய எனக்கு பதினொண்ணுன்னு காட்டுச்சு. ஒரு நாள் முழுக்க என்கிட்ட மறைச்சுட்ட, இல்லன்னா அப்பா முகத்த பார்த்திருப்பேன்னு நினைச்சுதான்டா ஒண்ணரை வருஷம் நான் உங்கூட பேசல.