மேகத்துக்குள் முப்பத்தேழு டிகிரி

மாலை நாலு பத்து. ஆளில்லாத தார்ச்சாலை. அந்த நேரத்திலேயே விளக்குப் போட்டு ஓட்டவேண்டிய இருட்டு...

என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது இது. நானும் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். கேமராமேன். புயலைத் துரத்துகிறவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம். வண்டியில் மூன்று பேர். அத்தான், வானிலை ஆராய்ச்சி செய்யும் ஓர் அம்மா, டிரைவர். டிரைவருக்குப் பட்டப்பெயர் பிரேக். அதை மட்டும் மிதிக்கவே மாட்டான்.

சிரிக்காதீர்கள். நெருங்கி உட்காருங்கள்.

போன வருடம் அதே சாலையில் சுழல்காற்று அந்த அம்மாவின் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனது. வண்டி கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. "இன்னும் கிட்ட போடா" என்று அவனை அனுப்பியவர் அவர்தான்.

அத்தான் போன அன்று பலூன் விட்டார்கள். அதன் அடியில் டீ டம்ளர் அளவில் ஒரு கருவி. உயரத்தையும் வெப்பத்தையும் அனுப்பிக்கொண்டே மேலே போகும். ஆறு கிலோமீட்டர். தண்ணீர் உறைகிற குளிர் அங்கே. திரையில் வந்தது முப்பத்தேழு டிகிரி.

"கருவி கெட்டுப்போச்சு மேடம்," என்றார் அத்தான்.

"இல்ல சார். உடம்புச் சூடு. யாரோ கையில வெச்சிருக்காங்க."

ஐந்து கிலோமீட்டர்... மூன்று... ஒன்று. இறங்கிக்கொண்டே இருந்தது. சூடு மாறவில்லை.

ஆலங்கட்டி முன்கண்ணாடியை நொறுக்கியது. பிரேக்கின் நெற்றி பிளந்தது. ரத்த வாடை. ஈர மண் வாடை.

"மேடம், இன்னும் ரெண்டு நிமிஷம் நின்னா நம்மளப் பொறுக்கக்கூட ஆள் வராது!" பிரேக் வண்டியைப் பின்னால் எடுக்கத் தொடங்கினான்.

"நிறுத்து. வந்துட்டான்."

அந்த அம்மா கதவைத் திறந்துவிட்டார். காற்று அதைப் பிய்த்து எறிந்தது. எங்கிருந்தோ வந்த தகரக் கூரை வண்டியின் மேற்பாகத்தைச் சீவிக்கொண்டு போனது. அந்த அம்மாவின் உடம்பு முழுவதும் வெளியே. கால்கள் தரையில் இல்லை. அத்தான் இரண்டு கைகளாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடுடா... வலிக்குது."

அத்தானை அவர் ஒருநாளும் டா போட்டதில்லை.

பிரேக் வண்டியைப் பின்னாலேயே ஓட்டித் தப்பினான். உள்ளே இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

"காத்து இழுத்தா தோள்பட்டை கழலும்," என்றார் அத்தானின் கைகளைப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டர். "இது அப்படி இல்ல. எட்டு விரலையும் பின்னாடி மடக்கி ஒடிச்சிருக்கு."

அத்தான் அதற்குமேல் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் ஒருமுறை சொன்னார். முதலில் சுண்டுவிரல். பிறகு அடுத்தது. ஒவ்வொன்றையும் ஒடித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தியதாம்...

அவர் விட்டுவிடுகிறாரா என்று பார்க்க.