தம்பி பார்த்துக் கொடுத்த கார்

பழைய கார் வாங்க வருகிறவர்கள் முதலில் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். எதற்கு என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. கோம்பையில் நம் வீட்டு வாசலில் அந்த மஸ்டாங் வந்து நின்ற அன்று நீயும் அதைத்தான் செய்தாய் ஆத்தா. இரண்டு தரம் திறந்து மூடிவிட்டு, "கதவு கனமா இருக்குடா, நல்ல வண்டிதேன்" என்றாய்.

இதை நான் வாய்ஸாக அனுப்பவில்லை. அனுப்பினால் நீ ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பாய், அடுப்படியில் இருக்கிற ஹேமா அண்ணிக்கும் கேட்கும். அதனால் நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. நீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து வாசி. பாதியில் எழுந்து போகாதே.

முதலில், பொன்னுராஜ் அண்ணனை விட்டுவிடச் சொல். விஜய்பாண்டி மாமா ஆட்களோடு உத்தமபாளையம் போய் அவருடைய டயர் கடையை நொறுக்கிவிட்டதாகவும், போலீஸ் அவரை ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பதாகவும் நேற்று சொன்னாய். "வீல் நட்டைச் சரியா முடுக்காம விட்டுட்டு, இப்ப டயரு சரியில்லன்னு கதை விடுறான். எம்புள்ள போயிட்டானே" என்று அழுதாய். அவர் எதையும் முடுக்காமல் விடவில்லை. கதையும் விடவில்லை. செய்யாத தப்புக்கு ஒரு மனிதர் அடி வாங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என் குணம் உனக்குத் தெரியும்.

அப்பா செத்த வருஷம் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, கொச்சியில் ஒரு பழைய கார் யார்டில் வேலை பேசி வைத்திருப்பதாகச் சொன்னான். "ஏலத்தோட்டத்தை நான் ஒருத்தனே பாத்துக்கிருவேன். நீ ஒரு நாலு வருசம் வெளிய இருந்துட்டு வா. நாலு மனுசரைப் பழகு." நாலு வருஷம் ஐந்தாயிற்று. ஒவ்வொரு வீரபாண்டித் திருவிழாவுக்கு வரும்போதும் நான் கேட்பேன். "இன்னும் ஒரு வருசம் இருடா" என்பான். குரலை உயர்த்தியதே இல்லை. கர்ணன் அண்ணன் நல்லவன். அதை நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

எனக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. காலையில் தோட்டத்து ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஏற வேண்டும். பின்னால் வேலைக்கு வருகிற பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு வர வேண்டும். என்னை யாராவது "சின்னவரே" என்று கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். கொச்சியில் காலையில் எழுந்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். டாக்டரிடம் காட்டினேன். ஒன்றுமில்லை என்றார். போன வருஷம் வந்தபோது என் அறையில் ஏலக்காய் மூட்டை அடுக்கியிருந்தது. கூடத்தில் பாய் போட்டுக் கொடுத்தாய். அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் ஏலக்காய்க்கு நல்ல விலை. அண்ணனுக்கு மஸ்டாங் ஆசை சின்ன வயதிலிருந்தே உண்டு. மெக்கானிக் யாரையாவது கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்களாம். "எந்தம்பி அங்கன இருக்கான்ல, அப்புறம் எதுக்கு மெக்கானிக்கு?" என்று சொல்லிவிட்டுத் தனியாக வந்தான்.

அந்தக் காரில் ஒரே பெயரில் ஆறேழு தலைமுறை உண்டு. ஒன்றுக்கு இருக்கிற குறை இன்னொன்றுக்கு இருக்காது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் தெரியும். ஒவ்வொன்றாகக் காட்டினேன். முதல் தலைமுறையில் அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டி ஒன்று சிவப்பில் நின்றது, கல்யாண போட்டோவுக்கு வாடகைக்குப் போகிற வண்டி. அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏலே சுரேசு, இதுல போய்க் கம்பத்துல இறங்குனா எப்படி இருக்கும்?"

"இறங்கலாம்ண்ணே. திரும்பி வரத்தேன் தள்ளுறதுக்கு ஆள் வேணும்."

விழுந்து விழுந்து சிரித்தான். கார்ப்பெட்டைத் தூக்கி அடித்தகட்டில் துருவைக் காட்டினேன். பிரேக்கும் அந்தக் காலத்து டிரம், மலை இறக்கத்துக்கு ஆகாது. இரண்டாவது தலைமுறை எங்களிடம் இல்லை. போனில் படம் காட்டினேன். "என்னடா இது, மஸ்டாங்கு ஆட்டோவைக் கட்டிப் பெத்ததா?" என்றான். மூன்றாவது, துபாயிலிருந்து ஒருவர் கொண்டுவந்தது, சதுரமாகப் பெட்டி மாதிரி இருக்கும். "இதைக் கொண்டுபோய் நிறுத்துனா பழைய டாக்ஸிய வாங்கியாந்துட்டான்னு சொல்லிருவாய்ங்க." நான்காவதில் கூரை துணி, மடக்கலாம். அவன் கையைப் பிடித்து சீட்டுக்கு அடியில் வைத்தேன். கை ஈரமானது. கூரை ஒழுகுகிறது என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

இதுவரை நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. அண்ணனுக்கு என் மேல் பெருமை. "அஞ்சு வருசம் சும்மா இருக்கலடா நீ" என்று தோளில் தட்டினான்.

ஆறாவது தலைமுறை வண்டிதான் யார்டிலேயே நல்ல வண்டி. கம்பெனியிலேயே ஸ்டீயரிங் வலப்பக்கம். பின் சக்கரம் இரண்டும் தனித்தனியாக மேடு பள்ளத்தை வாங்கிக்கொள்ளும். டயர் நாலும் புதிது. மலைக்கு ஏறி இறங்குகிறவனுக்கு நான் அதைத்தான் கொடுப்பேன். அண்ணன் பானெட் மேல் கையை வைத்து, "இதையே பேசிருவமா?" என்றான்.

"பேசலாம்ண்ணே. இதே மாதிரி ஒண்ணு தேனியில ஓடுது. நகைக்கடை வாசல்ல நின்னுச்சு, பார்த்தேன்."

அதுவும் உண்மைதான். அண்ணன் கையை எடுத்துவிட்டான். "அப்ப வேணாம்டா. ரெண்டாவது ஆளா நிக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?"

மிச்சம் இருந்தது ஐந்தாவது தலைமுறை. இரண்டாயிரத்துப் பத்து, கருநீலம், முகம் அப்படியே அந்த அறுபத்தெட்டு மாதிரி. ஒரு டாக்டர் துணி போர்த்தி வைத்திருந்தார், ஓட்டவே இல்லை. அண்ணன் பார்த்ததும் சாவிக்குக் கையை நீட்டிவிட்டான். அப்படித்தான் ஆகும் என்று தெரிந்துதான் அதைக் கடைசியில் காட்டினேன்.

ஓடாத காரின் டயர் தேயாது. ஆனால் வயசாகும். ரப்பர் இறுகிக் கல்லாகிவிடும். காய்ந்த ரோட்டில் ஒன்றும் தெரியாது. ஈரத்தில் பிடிக்காது. டயரின் ஒரு பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும், எந்த வருஷம் எந்த வாரம் செய்தது என்று. அந்த வண்டியில் இருந்தவை வண்டியோடு வந்த டயர்கள். ஆறு வருஷம் தாண்டிய டயரை மாற்றாமல் வண்டியை வெளியே விடக் கூடாது என்பது எங்கள் முதலாளியின் சட்டம். மாற்ற வேண்டியது என் வேலை. ஒரு மத்தியானம் உட்கார்ந்து நாலையும் கழற்றி, எண் உள்பக்கம் போகும்படி திருப்பி மாட்டினேன். கறுப்பு பாலிஷ் போட்டேன். புது டயர் மாட்டுவதைவிட அது சிரமமான வேலை. ஷீட்டில் 'மாற்றியாச்சு' என்று டிக் அடித்தேன்.

நான் நினைத்தது ஒரு கால். அதிகம் போனால் இடுப்பு. ஆறு மாசம் அண்ணன் படுத்திருந்தால் தோட்டத்தை யார் பார்ப்பது? என்னைத்தானே கூப்பிடுவீர்கள். அதற்கு மேல் நான் எதுவும் நினைக்கவில்லை. யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அண்ணன் வண்டியின் புது தமிழ்நாட்டு நம்பரைக் கூட்டினால் ஆறு வர வேண்டும் என்று மூன்று வாரம் காத்திருந்து வாங்கினான். ஆவணியில் வண்டி வந்த அன்று தெருவே கூடிவிட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். "இம்புட்டுப் பெரிய வண்டிக்கு ரெண்டே கதவா? பின்னாடி உக்காருறவுக சன்னல் வழியா ஏறணுமாக்கும்?" என்று சோணையம்மாள் சித்தி கேட்டாள். யாரோ, "நம்ம கோம்பை நாயை அவுத்து விடுங்கப்பா, எது முந்துதுன்னு பார்ப்போம்" என்றார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான். அண்ணன் என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, வந்தவர்களிடம் எல்லாம், "எந்தம்பி பார்த்துக் கொடுத்த வண்டி" என்று சொன்னான். நாலு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. எல்லாரும் கை தட்டினார்கள். அன்று சாயங்காலமே என்னைக் கொச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மழையில்லை. அண்ணன் பண்ணைப்புரம் போனேன், போடி போனேன் என்று வீடியோ அனுப்பினான். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தினமும் காலையில் போனில் கம்பத்து வானிலை பார்ப்பேன். ஊர் நினைப்பில் பார்ப்பதுதான்.

ஐப்பசி இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்தரை இருக்கும். அண்ணன் கூப்பிட்டான்.

"ஏலே, கம்பம் மெட்டு அடிவாரத்துல நிக்கிறேன். இங்கன தூறல் போடுது. வர்ற வழியில வண்டி ரெண்டு தடவை வாலை ஆட்டிருச்சுடா."

"காத்து சரியா இருக்காண்ணே?"

"நேத்துத்தேன் பொன்னுராஜுகிட்ட விட்டு எல்லாம் பார்த்தேன். அவன் என்னமோ டயரு கல்லா இறுகிப்போச்சு, மழையில எடுக்காதீக, மாத்திட்டு எடுங்கங்கிறான். நீ என்ன சொல்ற? வண்டிய இங்கனயே போட்டுட்டு ஜீப்பை வரச் சொல்லவா?"

இந்த இடத்தை நீ நிதானமாக வாசிக்க வேண்டும் ஆத்தா. அவன் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

"அவருக்கு டிராக்டர் டயருதேன் தெரியும்ண்ணே. இந்த வண்டிக்கெல்லாம் டயர் கெட்டியாத்தேன் இருக்கும். பெரிய இன்ஜின்ல, பின்னாடி லேசா ஆடத்தேன் செய்யும். நீ ஓட்டு."

அப்போது பின்னாலிருந்து ஓவியா குரல் கேட்டது. "சித்தப்பா, கார் டான்ஸ் ஆடுது."

"பாப்பாவும் வருதாண்ணே?"

"லீவுல்ல. ஏலக்காய் எப்படிக் காய வைக்கிறாகன்னு பாக்கணுமாம். ஒரே அழுகை, தூக்கிப் போட்டுட்டு வந்துட்டேன்."

"பெல்ட்டைப் போட்டுவிடுண்ணே" என்றேன்.

ஓவியாவுக்குக் கை முறிந்ததோடு போனதற்கு அந்த பெல்ட்தான் காரணம் என்று டாக்டர் சொன்னதாக நீதான் என்னிடம் சொன்னாய். பெல்ட் போடச் சொன்னது நான். அண்ணி என்றைக்காவது என்னைக் கோபித்தால் இதை அவளிடம் சொல்.

அண்ணன் போனை வைக்கவில்லை. பாப்பாவுக்கு பெல்ட்டை மாட்டிவிடுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னான்.

"சரிடா, நீ சொன்னா சரிதேன். ஏலே, இன்னொண்ணு. தைக்கு நீ கிளம்பி வந்துரு. ஒத்தையாளா எனக்கு முடியல. காய் காய வைக்கிற ஸ்டோரு, ஜீப்பு எல்லாம் நீ பாத்துக்க. ஆத்தாவும் உன்னைத்தேன் தேடுறாக."

ஐந்து வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை அது. வண்டி இன்னும் அடிவாரத்தில்தான் நின்றது. ஏறாதே என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் யோசித்துப் பார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ஓட்டு என்றவன் இப்போது ஓட்டாதே என்றால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று கேட்டால் டயர்ப் பேச்சு வரும். கழற்றிப் பார்ப்பார்கள். எண் உள்பக்கம் இருப்பது தெரியும். அதற்கப்புறம் தைக்கு வா என்று யார் கூப்பிடுவார்கள்?

"சரிண்ணே. பார்த்துப் போ" என்றேன்.

ஏழாவது வளைவில் வழுக்கிவிட்டது என்றார்கள். கொள்ளிச்சட்டியோடு வாசலை விட்டுக் கிளம்பும்போது நான் அழுததைப் பார்த்து நீ வந்து பிடித்துக்கொண்டாய். அண்ணனுக்காக அழுத அழுகை அது, நடிப்பு இல்லை.

போலீஸிடம் நீ அதிகம் பேச வேண்டாம். டயரைக் கழற்றி உள்பக்கம் இருக்கிற எண்ணைப் பார்க்கச் சொன்னால் போதும், பொன்னுராஜ் அண்ணன் சொன்னது உண்மை என்று தெரிந்துவிடும். யார் திருப்பி மாட்டினார்கள் என்பது அவர்களுக்கு எதற்கு? உனக்கு இருப்பது இப்போது ஒரு பிள்ளை. மாமாவிடம் சொல்லி அந்தக் கடையைச் சரிசெய்து கொடுக்கச் சொல். அவர் பாவம்.

இங்கே கணக்கை முடித்துக்கொண்டு பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாளே வந்துவிடுகிறேன். தை வரைக்கும் காத்திருக்க முடியாது, தோட்டத்தில் காய் பறிக்கிற நேரம். ஊரில் யாராவது, அண்ணன் போனதும் தம்பி வந்து உட்கார்ந்துவிட்டான் என்று பேசினால் நீ தைரியமாகப் பதில் சொல். வரச் சொன்னது அண்ணன்தான். அவன் பேச்சை நான் ஒருநாளும் தட்டியதில்லை.