டாலா வீட்டின் உள்ளாள்

பொழுது சாய்கிற நேரம். ஆற்றுக்கு அக்கரையில், டாலா படகுத்துறையிலிருந்து வயல் நடுவே போகிற மண்சாலை... ஆள் நடமாட்டம் கிடையாது. விளக்கைச் சின்னதாக்குங்கள், கரண்டு இப்போதைக்கு வராது. நம் பபேடான் பேட்டை ஷீபாவின் அண்ணன் தேவராஜுக்கு நடந்தது இது.

சாலைக் கடைசியில் ஒரு வீடு. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரன் தன் ஊரில் இருந்த பழைய வீட்டைப் போலவே கட்டியது. கறுத்த மரச்சட்டங்கள், நடுவே வெள்ளைச் சுவர், மேலே முழக் கனத்துக்குக் கூரை. அவன் ஊரில் வைக்கோல், இங்கே ஓலை.

கூரை மாற்ற வேலை இருக்கிறதென்று ஜெபதாஸ் கூப்பிட்டான். துறைமுகத்தில் தேவராஜோடு மூட்டை தூக்கியவன். வழக்கமாகக் கூரை வேலைக்கு ஜெபதாஸின் தம்பி பிலிப்தான் கூட நிற்பான். அவன் போன மாதம் தாய்லாந்துக்குப் போய்விட்டானாம்.

கூரை தைக்க இரண்டு ஆள் வேண்டும். வெளியாள் மூங்கில் ஊசியைக் கயிற்றோடு உள்ளே குத்துவான். உள்ளாள் அதைச் சட்டத்தைச் சுற்றித் திருப்பித் தள்ளுவான்.

“நீ உள்ள இரு மச்சான். வெயிலு உனக்கு ஆகாது.”

“என்னடா, புதுசா பாசம் பொங்குது?” சிரித்துக்கொண்டே தேவராஜ் ஏணி வைத்துப் பரணில் ஏறினான்.

உள்ளே இருட்டு. ஈர வைக்கோல் வாசனை... கூரையோ ஓலை.

சரக்... ஊசி வரும். தள்ளுவான். சரக்... பொழுது சாய்ந்தபோது கூரையில் கையகலத் திறப்புதான் பாக்கி. அதன் வழியே சாலையைப் பார்த்தான்.

ஜெபதாஸ் படகுத்துறைக்குப் போய்க்கொண்டிருந்தான். தோளில் தேவராஜ் ஏறிவந்த ஏணி.

சரக்... ஊசி உள்ளே வந்தது.

“டேய், ஜெபா.”

ஜெபதாஸ் நின்றான். திரும்பிப் பார்த்தான். தலை குனிந்தபடி நடந்தான்.

கீழே மூன்று ஆள் உயரம். தேவராஜ் ஊசியைத் தொடவில்லை. அது காத்திருந்தது... பிறகு மெல்ல அசைந்து அவன் கையைத் தேடியது.

தங்கைக்குப் போன் போட்டான். நடந்ததையெல்லாம் மூச்சுவாங்கச் சொன்னான். “அவன் போயிட்டான் ஷீபா. மேல யாரோ தைக்கிறாங்க. திறப்பு மூடுது...” அப்புறம் சரக் சரக் என்று மட்டும் கேட்டது. அதுவும் நின்றது.

விடிந்ததும் ஷீபா ஆள் கூட்டிக்கொண்டு போனாள். கூரை புத்தம் புதுசு. பரணில் யாருமில்லை.

திரும்பி வரும்போது படகுத்துறைத் தேநீர்க்கடையில் ஜெபதாஸ் உட்கார்ந்திருந்தான். எதிரே பிலிப். தலையெல்லாம் ஓலைத் தூசி, உள்ளங்கை முழுக்க ஊசிக் குத்து. வெறுங்கை எதையோ தள்ளிக்கொண்டே இருந்தது.

“எங்கண்ணன் எங்க?”

ஜெபதாஸ் நிமிரவில்லை. தேநீரை ஆற்றினான்.

“தாய்லாந்து போயிட்டான், தங்கச்சி.”