முனவ்வறாவுக்கு வந்த வாழ்த்து

இல்ல மாஸ்டர், சாமான் எடுக்கப் போகல்ல. ஆணிக்கடக்காரன் கொழும்புக்கு பஸ் ஏறினா ஆணி வாங்கத்தான் போகணுமா? இது தங்கச்சிட படிப்பு அலுவல். ஓம், முனவ்வறாதான். பேராதனையில விவசாயம் படிச்சி முடிச்சவள். அது போதாதாம். உப்புத்தண்ணி ஏறின வயல்ல நெல்லு எப்பிடி வெளையுமெண்டு இன்னும் படிக்கணுமாம். அதுக்கு லண்டனுக்குப் போகணுமாம். லண்டனும் இல்ல, அதுக்கு மேலால குளிரான ஏதோ ஊரு. எனக்கு எல்லாம் லண்டன்தான். நெல்லே வெளையாத ஊரில போய் நெல்லப் படிக்கிறதாம், கேட்டீங்களா கூத்த!

அதுக்கு நிரப்புற விண்ணப்பப் போமை நீங்க பாக்கணும். பதினாலு பக்கம். பொண்ணு கேட்டு வாறவனும் அவ்வளவு கேக்கமாட்டான். ரெண்டு பேராசிரியர்மார் இவள் கெட்டிக்காரி எண்டு எழுதிக் குடுக்கணும். ஏன் படிக்க விரும்புறீங்க எண்டு ஒரு பக்கம் கட்டுரை வேற. ஏழு தரம் கிழிச்சிக் கிழிச்சி எழுதினாள். நானெண்டா ஒரு வரியில முடிச்சிரிப்பன், காக்கா எண்டு கூப்பிடுற இந்த அண்ணனோட இரிக்க ஏலாமத்தான் எண்டு.

கிடைச்சிது மாஸ்டர்! இடமும் கிடைச்சி, ஸ்கொலசிப்பும் கிடைச்சி. உம்மா அழுது அழுதே ஊருக்கெல்லாம் சீனி குடுத்தா. இனி, வாறன் எண்டு ஒரு பதில் போட்டாச் சரி. அத எழுதி, தபாலில போடச் சொல்லி என்ட கையிலதான் தந்தாள்.

பொறகு மூணு மாசமா ஒரு மூச்சுமில்ல. தபால்காரன் தம்பிமுத்துட பெல் கேட்டாப் போதும், வாசல் கடப்படிக்கு ஓடுவாள். போன கிழமை கடிதம் வந்திச்சி. உடைச்சி வாசிச்சிப்போட்டு என்னப் பாத்துக் கேட்டாள், மாப்பிள்ள ஆரு காக்கா எண்டு.

உங்கட கலியாணத்துக்கு வாழ்த்து, படிக்க வர ஏலாததுக்கு வருத்தம் எண்டு வெள்ளக்காரன் எழுதியிரிக்கான்.

கலியாணம் எங்க நடந்திச்சி! மாப்பிள்ளையே பாக்கல்ல. அவள் தந்தத கிழிச்சிப்போட்டு நான்தான் அப்பிடி டைப் அடிப்பிச்சி, அவள்ட கையெழுத்தும் வெச்சி அனுப்பினன். ஊர்க்கதைக்குப் பயந்து எண்டு உம்மாட்டச் சொன்னன். அதுவும் பொய். நான் ஏ.எல். சோதனைக்கு மூணு தரம் குந்தி மூணு தரமும் பெயில். மூத்தவன் ஆணி நிறுக்கிறான், இளையவள் பிளேன் ஏறுறாள். பொறுக்க ஏலாமப் போயிட்டு, அவ்வளவுதான்.

கல்முனைத் தபால் கந்தோரில அர நாள் நிண்டு கொழும்பில ஸ்கொலசிப் குடுக்கிற கந்தோருக்கு ட்ரங்கோல் போட்டுப் பேசினாள். இடத்த இன்னும் ஆருக்கும் குடுக்கல்லயாம். அந்தப் பொய்க் கடிதத்த எழுதினவன் நேரில வந்து சொன்னாப் பாப்பமாம்.

அந்தா, முன் சீட்டில பைலை மடியில வெச்சிக்கிட்டு இரிக்காளே, அவள்தான். என்னோட ஒரு சீட்டில இரிக்கமாட்டாள். கந்தோரில வெள்ளக்காரனுக்கு முன்னால இங்கிலீசில நானே சொல்லணுமாம். வசனத்தையும் அவளே எழுதித் தந்திட்டாள். நீங்க இங்கிலீஸ் படிப்பிக்கிறவர்தானே, பிழ இருந்தாச் சொல்லுங்க. மை சிஸ்டர் இஸ் நொட் மேரிட். ஐ டோல்ட் எ லை. அந்தக் கடைசிச் சொல்லுத்தான் மாஸ்டர், வாயில வருகுதில்ல.