இன்னும் இரண்டு சுற்று காத்திருந்தால்

பல்செட்: …இந்த மேசை ஆத்தை இன்னும் ரெண்டு விரல் இழுக்கணுமா அத்தான்? ஏற்கெனவே நாலு தடவை இழுத்தாச்சு. ஆறே களைச்சுப் போச்சு.

பட்டாளம்: இழு மாப்ள. வளைவு பாலத்துக்கு முன்னாடி வரணும்.

பல்செட்: இது லேசுப்பட்ட ஆறு இல்ல, சொல்லிட்டேன். ஆறு கிலோ பல் அச்சு மாவு. எண்ணூறு பேருக்குப் பல்செட் கட்டியிருக்கலாம். ஊரே மெல்ல முடியாம காத்துக்கிட்டிருக்கு, நான் இங்க உங்களுக்குக் கரை கட்டிக்கிட்டிருக்கேன்.

டீச்சர்: நீ கடையை மூடி அஞ்சு வருஷம் ஆச்சு. ஊர் நல்லாத்தான் மென்னுக்கிட்டிருக்கு.

பல்செட்: எட்டாங்கிளாஸ்லேயும் இப்படித்தான் டீச்சர் நீங்க. மனுஷன் வாயைத் தொறந்தா போதும்…

டீச்சர்: தொறந்தா தப்பா வரும். கணக்குல பதினேழு மார்க்.

பல்செட்: அது பழைய கதை. இப்ப நான் ஒரு ராஜ்யத்தையே நடத்தறேன். போன வாரம் இந்த மேசைல கோட்டை கட்டி, அகழி வெட்டி… ஆமா, மத்தவங்க எங்க? ஞாயித்துக்கிழமைன்னா ஒன்பது மணிக்கே நம்ம மேசைப்போர்ச் சங்கத்து ஆளுங்க பதினோரு பேரும் நாற்காலிக்கு அடிச்சுக்குவாங்களே.

பட்டாளம்: நான்தான் வர வேண்டாம்னு சொன்னேன். இன்னிக்கு நடுவருக்கு டீச்சர், எதிரிக்கு நீ. அது போதும்.

பல்செட்: முப்பது வருஷம் மச்சினனா இருந்து பாத்தேன், இப்பத்தான் பதவி உயர்வு. எதிரி.

டீச்சர்: பன்னெண்டு மணிக்கு டேபிள் டென்னிஸ்காரங்க வந்து மேசையைக் கேப்பாங்க. ஆரம்பிக்கலாமா?

பல்செட்: பெட்டியைத் தொறங்க அத்தான். ஒரு மாசமா உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்கப் பெயிண்ட் டப்பாவாம். அக்கா நின்னுக்கிட்டே சாப்பிட்டுக் காலே வீங்கிப் போச்சாம்.

பட்டாளம்: உங்க அக்கா ஒண்ணைப் பத்தாச் சொல்லுவா.

பல்செட்: எங்க குடும்பச் சொத்தே அது ஒண்ணுதான்… அட.

பட்டாளம்: என்ன?

பல்செட்: இந்த ஏழு பொம்மையும்…

டீச்சர்: சிப்பாய். பொம்மைன்னு சொன்னா நாற்காலி அடுக்கற வேலை உனக்கு.

பல்செட்: சரி, சிப்பாய். நீங்களா வரைஞ்சது? உங்க யானைப்படைக்கு நீங்க பூசின சாயத்தைப் பாத்தா வெள்ளையடிக்கிறவன்கூடத் தலைல அடிச்சுக்குவான். இதுல இமை தெரியுது. உதடு தெரியுது. இவனுக்குத் தாடைல ஒரு சிவப்புக் கோடு வேற…

பட்டாளம்: சவரம் பண்ணறப்ப வெட்டிக்கிட்டான். அன்னிக்குக் காலைல.

பல்செட்: என்னிக்கு?

பட்டாளம்: எதிர்க்கரைல வை. ஆறு பேருக்கும் பின்னால. முதுகுல வயர்லெஸ் இருக்கு, அவன் மெதுவாத்தான் வருவான்.

டீச்சர்: ஒண்ணு கேக்கலாமா? ஆறு வருஷமா நம்ம சங்கத்துக்கு வர்றீங்க. ராஜா, யானை, ஈட்டி, இதைத் தவிர எதையும் ஆடினதில்ல. யாராவது துப்பாக்கிக்காரங்களை எடுத்து வெச்சா, டீ குடிச்சிட்டு வர்றேன்னு போயிடுவீங்க.

பட்டாளம்: ஆமா.

டீச்சர்: இது எந்தப் புத்தகத்துல இருக்கிற சண்டை?

பட்டாளம்: எந்தப் புத்தகத்துலயும் இல்ல டீச்சர்.

பல்செட்: …அத்தான்.

பட்டாளம்: முப்பத்தேழு வருஷம் ஆச்சு. நான் அப்ப லெப்டினன்ட். இந்தப் பாலத்துக்கு நான்தான் பொறுப்பு. பாலத்துக்கு அடில வெடி கட்டியிருந்தோம். எதிரி இந்த ரோடு வழியா வர்றான், அவன் வர்றதுக்குள்ள தகர்த்துடுன்னு உத்தரவு. நமக்குப் பின்னால ஒரு நெல் குடோன்ல காயம்பட்டவங்க நூத்திருபது பேர்.

பல்செட்: இந்த ஏழு பேர்?

பட்டாளம்: வேவு பாக்க அந்தப் பக்கம் அனுப்பியிருந்தேன். திரும்பி வந்துக்கிட்டிருந்தாங்க. வண்டிச் சத்தம் மாதிரி ஏதோ கேட்டுது. நான்… சுவிட்சைத் திருப்பிட்டேன்.

டீச்சர்: அவங்க வர்றதுக்கு முன்னாடியே.

பட்டாளம்: அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கரைக்கு வந்தாங்க. பாலம் இல்ல. மழைக்காலம், ஆறு நிறைய தண்ணி. நான் இந்தக் கரைல நின்னு கத்தினேன். எதிரி பின்னாடியே வர்றான், இறங்கி நீந்தி வாங்கடான்னு. சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கினாங்க. ஏழு பேரும்.

பல்செட்: வந்து சேந்தாங்களா?

பட்டாளம்: யாரும் கரையேறல.

பல்செட்: அக்காவுக்குத் தெரியுமா?

பட்டாளம்: இல்ல.

பல்செட்: முப்பது வருஷமா ஒரே வீட்டுல இருக்கீங்க.

பட்டாளம்: ஆமா.

டீச்சர்: இப்ப ஏன் எடுத்தீங்க?

பட்டாளம்: வயர்லெஸ்காரனுக்கு ஒரு பொண்ணு. அப்ப மூணு வயசு, இப்ப நாப்பது. எப்படியோ என் விலாசத்தைப் பிடிச்சுக் கடிதம் போட்டா. ஒரே ஒரு கேள்வி. கொஞ்சம் காத்திருந்தா எங்க அப்பா வந்திருப்பாரான்னு. இன்னிக்குச் சாயங்காலம் நேர்ல வர்றா.

பல்செட்: அதுக்கு இந்த ஆட்டமா?

பட்டாளம்: நான் காத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இந்த மேசைல பாக்கணும்.

டீச்சர்: சரி. விதியைச் சொல்லிடறேன். ஒரு சுற்றுன்னா அஞ்சு நிமிஷம். கரைக்கு வர அஞ்சு, தாண்ட அஞ்சு, ஆக பத்து நிமிஷம் காத்திருக்கணும்னா ரெண்டு சுற்று. முதல் சுற்றுல ஏழு பேரும் கரைக்கு வருவாங்க, ரெண்டாவதுல பாலத்தைத் தாண்டுவாங்க. ஒவ்வொரு சுற்றுலயும் ஆளுங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாடி எதிரி ஒரு தடவை பகடை உருட்டணும். அஞ்சோ ஆறோ விழுந்தா எதிரி வண்டி பாலத்துக்கு வந்தாச்சு. அதுக்குக் கம்மின்னா வரல. ரெண்டு பேருக்கும் சம்மதமா?

பட்டாளம்: சம்மதம்.

பல்செட்: நான் வேற யாரையாவது எதிரியாப் போடச் சொல்லட்டுமா? எனக்கு இன்னிக்கு வயிறு…

பட்டாளம்: உருட்டு மாப்ள.

பல்செட்: …ரெண்டு.

டீச்சர்: ரெண்டுதான். எதிரி வரல. நகர்த்துங்க.

பட்டாளம்: கரைக்கு வந்துட்டாங்க. இப்ப பாலத்து மேல… ஒண்ணு… ரெண்டு… மூணு…

பல்செட்: உருட்டிட்டேன். பகடைலயும் மூணு.

டீச்சர்: எதிரி வரல.

பட்டாளம்: நாலு… அஞ்சு… ஆறு…

டீச்சர்: பட்டாளம், கடைசி ஆளை இன்னும் நகர்த்தலையே. வயர்லெஸ்.

பட்டாளம்: நகர்த்தறேன்.

டீச்சர்: அவருக்குக் கை ஓடல. நீ நகர்த்து.

பல்செட்: நான் எதிரி டீச்சர். நான் எப்படித் தொடறது.

பட்டாளம்: வந்துட்டான். தாண்டிட்டான். …இப்ப தகர்க்கலாம்.

டீச்சர்: ஏழு பேரும் இந்தப் பக்கம். பாலமும் போச்சு, எதிரியும் அந்தப் பக்கமே.

பட்டாளம்: ஆக, காத்திருந்தா வந்திருப்பாங்க.

பல்செட்: யாரு சொன்னா? ஒரே ஒரு ஆட்டத்துல எப்படிச் சொல்ல முடியும்? நான் ஒரே நாள்ல பதினாலு தடவை தொடர்ந்து ஆறு போட்டவன். போன வருஷம் உங்க யானையெல்லாம் அப்படித்தானே சாஞ்சுது? மூணு ஆட்டம் ஆடணும். மூணுல ரெண்டு எதுவோ அதுதான் கணக்கு. என்ன டீச்சர், கணக்குப்படி அதானே நியாயம்?

டீச்சர்: மூணும் கம்மிதான். ஆனா… ஆடலாம்.

பட்டாளம்: சரி. மறுபடி வை.

பல்செட்: இதோ, ஏழு பேரும் பழைய இடத்துல. இந்த அட்டைக் குன்றைக் கொஞ்சம் இப்படி நகர்த்திக்கறேன், கை இடிக்குது. உருட்டவா?

டீச்சர்: உருட்டு.

பல்செட்: அடடா, பகடைத் தட்டைத் தாண்டிக் குன்றுக்குப் பின்னால போயிடுச்சே.

பட்டாளம்: தட்டுக்கு வெளிய விழுந்தா செல்லாது. மறுபடி போடு.

பல்செட்: க்கும்… ஆறு. ஆறு விழுந்திருக்கு அத்தான்.

பட்டாளம்: செல்லாதுன்னு சொல்றேன். தட்டு விளிம்புல சாஞ்சு நின்ன பகடையையே செல்லாதுன்னவங்க டீச்சர். ஒரு மணி நேரம் வாதாடியும் விடல.

டீச்சர்: …இன்னிக்குச் செல்லும்.

பட்டாளம்: டீச்சர்?

டீச்சர்: நடுவர் சொன்னா சொன்னதுதான். ஆறு. முதல் சுற்றுலயே எதிரி வந்துட்டான். உங்க ஆளுங்க இன்னும் கரைக்கே வரல.

பல்செட்: பாருங்க. பாலம் எதிரி கைக்குப் போச்சு, குடோன் போச்சு, நூத்திருபது பேரும் போச்சு. நீங்க மட்டும் அன்னிக்குக் காத்திருந்தீங்கன்னா, எங்க அக்கா இன்னிக்கு வேற எவனுக்கோ சமைச்சுப் போட்டுக்கிட்டிருப்பா.

பட்டாளம்: ஒண்ணுக்கு ஒண்ணு. கடைசி ஆட்டம்.

பல்செட்: டீ சொல்லட்டுமா? நடுவுல கொஞ்சம்…

பட்டாளம்: உருட்டு.

பல்செட்: நாலு. தட்டுலதான் விழுந்துது, பாத்துக்கோங்க.

டீச்சர்: நாலு. எதிரி வரல. ஆளுங்க கரைக்கு வரலாம்.

பட்டாளம்: வந்துட்டாங்க. பாலத்துல ஏறிட்டாங்க. முன்னாடி இந்த உயரக்காரன். அவனுக்கு எப்பவும் அவசரம். அடுத்தது அண்ணன் தம்பி ரெண்டு பேர். சித்தப்பா பையன், பெரியப்பா பையன். …வயர்லெஸ்காரன் நடுப்பாலத்துல.

பல்செட்: அத்தான், போதும்னா நிறுத்திக்கலாம்.

பட்டாளம்: உருட்டுடா.

பல்செட்: …குன்றுக்குப் பின்னாடி போயிடுச்சு.

டீச்சர்: செல்லும். என்ன விழுந்திருக்கு?

பல்செட்: க்கும்… அஞ்சு.

பட்டாளம்: டீச்சர், நீங்க பாத்தீங்களா?

டீச்சர்: பாத்தேன்.

பட்டாளம்: அஞ்சா?

டீச்சர்: …அஞ்சு.

பட்டாளம்: ஆக எதிரி வந்துட்டான். என் ஆளுங்க இன்னும் பாலத்து மேல.

டீச்சர்: ஆமா. இப்ப தகர்க்கறீங்களா, விடறீங்களா? நீங்கதான் சொல்லணும்.

பட்டாளம்: குடோன்ல நூத்திருபது பேர்.

டீச்சர்: ஆமா.

பட்டாளம்: …தகர்த்துட்டேன்.

பல்செட்: முடிஞ்சுது. மூணுல ரெண்டு. கேட்டுக்கோங்க அத்தான், நீங்க அன்னிக்குச் செஞ்சது சரி. காத்திருந்தாலும் அவங்க போயிருப்பாங்க. கூட நூத்திருபது பேரையும் இழுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க. மேசையே சொல்லிடுச்சு. இதுக்கு மேல சாட்சி வேணுமா?

பட்டாளம்: அந்தத் துணியை எடு. இவங்களைச் சுத்தி வைக்கணும்.

பல்செட்: நான் வைக்கிறேன். நீங்க உக்காருங்க. முகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு இப்ப, பாத்தீங்களா டீச்சர்? பத்து வயசு குறைஞ்ச மாதிரி. சாயங்காலம் அந்தப் பொண்ணு வந்தா, எங்க அக்காகிட்ட, இவர் உங்க தம்பியான்னு கேக்கப் போறா.

பட்டாளம்: அவ வந்ததும் சொல்லிடணும். தள்ளிப் போடக் கூடாது. உங்க அக்காவும் பக்கத்துல இருக்கட்டும்.

பல்செட்: சொல்லுங்க. தைரியமாச் சொல்லுங்க. காத்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதும்மான்னு.

டீச்சர்: பட்டாளம்.

பட்டாளம்: சொல்லுங்க.

டீச்சர்: முப்பத்திரண்டு வருஷம் பரீட்சைத் தாள் திருத்தியிருக்கேன். அழுதுக்கிட்டு வந்து நின்ன பிள்ளைக்குக்கூட அரை மார்க் சேத்துப் போட்டதில்ல.

பல்செட்: டீச்சர், பெட்டியை அந்தப் பக்கம் பிடிங்க. மணி ஆச்சு, டேபிள் டென்னிஸ்காரங்க…

டீச்சர்: நீ கொஞ்சம் சும்மா இரு. நமக்குள்ள இருந்தா நான் வாயைத் தொறந்திருக்க மாட்டேன். ஆனா அப்பா இல்லாம வளந்த பொண்ணுகிட்ட இவர் இதைப் பதிலாச் சொல்லப் போறார். அது முடியாது. …பட்டாளம், குன்றுக்குப் பின்னாடி விழுந்தது ஆறு இல்ல. அஞ்சும் இல்ல. முதல்ல ஒண்ணு, அப்புறம் ரெண்டு. மூணு ஆட்டத்துலயும் எதிரி வரவே இல்ல.

பல்செட்: அத்தான், டீச்சர் மேல தப்பு இல்ல, நான்தான்… முதல் ஆட்டத்துல உங்க கை அப்படி நின்னுடுச்சு. எனக்குப் பாக்க முடியல. உங்களுக்குக் கோபம்னா என்னை நாலு அடி அடிங்க.

பட்டாளம்: தெரியும் மாப்ள. பொய் சொல்றதுக்கு முன்னாடி நீ தொண்டையைச் செருமுவ. முப்பது வருஷமா கேக்கறேன்… டீச்சர், சாயங்காலம் அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்லப் போறது இது இல்ல. அன்னிக்கு நாங்க அந்தக் கரையை விட்டு நகரல. மறுநாள் மத்தியானம் வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தோம். அந்த ரோட்டுல ஒரு நாய்கூட வரல. காத்திருந்தா உங்க அப்பா நடந்தே வந்திருப்பார்னுதான் அவகிட்ட சொல்லணும். அதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது அவங்க வர்றதைப் பாத்துடணும்னு இருந்துச்சு, முதல் ஆட்டத்துல பாத்துட்டேன். அப்புறம் மாப்ள எனக்காகத்தான் பொய் சொல்றான்னு தெரிஞ்சுது… அதான் நான் எழுந்து வந்து குன்றுக்குப் பின்னாடி எட்டிப் பாக்கல.