ராகு காலத்தில் விழும் சர்வர்

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது, மேடம். நான் பெண் பார்க்கப் போனதே ராகு காலத்தில்தான். குடும்பம் ஒரு குறையும் இல்லாமல் பதினோரு வருடமாக ஓடுகிறது. இதை முதலிலேயே சொல்லக் காரணம், அங்கம்மாள் என்கிற அந்த அம்மா புதன்கிழமை ராகு காலத்தில் செத்ததால் ஆஸ்பத்திரி முழுக்க அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். நேரம் சரிதான். காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் நானாக ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

திண்டுக்கல்லில் ஐம்பது படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரி எங்களுடையது. ஒன்பது வருடமாக அதன் கம்ப்யூட்டர் பிரிவு நான்தான். பிரிவில் வேறு ஆள் கிடையாது. ஏ.சி.யில் தண்ணீர் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் அறையில் டைரக்டரி சர்வர் என்று ஒன்று இருக்கிறது. யார் யார் ஊழியர், யாருடைய கடவுச்சொல் எது, யார் எதைப் பார்க்கலாம் என்பதெல்லாம் அதற்குத்தான் தெரியும். டாக்டரோ நர்ஸோ கம்ப்யூட்டரில் பெயரை அடித்தால், இவர் நம் ஆள்தானா என்று அதைக் கேட்ட பிறகுதான் உள்ளே விடும். அது படுத்துவிட்டால் ஒருவரும் நுழைய முடியாது. நோயாளிகளின் விவரமெல்லாம் பத்திரமாகவே இருக்கும், பார்க்கத்தான் முடியாது.

சென்ற ஆவணியில் ஓர் எச்சரிக்கை வந்தது. அந்த சர்வர் மென்பொருளில் ஒரு குறை. ஒரு கேள்வியை ஒருவிதமாகக் கோணலாகக் கேட்டால் அது தடுமாறி விழுந்துவிடும். எதுவும் திருடு போகாது, வேலை நிற்கும், அவ்வளவுதான். சரிசெய்யும் அப்டேட்டும் கூடவே வந்திருந்தது. பதினைந்து நிமிடம் சர்வரை நிறுத்த அனுமதி கேட்டுப் பெரிய டாக்டரிடம் எழுதிக் கொடுத்தேன். “ஓடிக்கிட்டிருக்கிறத எதுக்குய்யா நோண்டுற?” என்றார். மறுநாள் அவர் மேஜையில் என் கடிதத்தின் மேல் இரண்டு உளுந்து வடை இருந்தது. எனக்குக் கோபமே வராது, மேடம். அன்று மனசு மட்டும் விட்டுப்போயிற்று.

வாயால் சொல்லிப் புரியாதவர்களுக்குக் காட்டித்தானே புரியவைக்க வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றே கால் மணிக்கு அந்தக் கோணல் கேள்வியை நானே கேட்டேன். சர்வர் விழுந்தது. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக என் அறை வாசலில் டாக்டர்கள் நின்றார்கள். மறுபடி ஓட வைக்க ஒரு நிமிடம் போதும். பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டேன். பெரிய டாக்டர் என் தோளைத் தட்டி, “நீ இல்லேன்னா என்ன ஆயிருக்கும்?” என்றார். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்வது நாகரிகமாகப் படவில்லை. அடுத்த செவ்வாய் மறுபடி காட்டினேன்.

அப்போதுதான் கேஷ் கவுன்டர் சூர்யகலா, “ரெண்டு வாட்டியும் ராகு காலத்துலல்ல விழுந்திருக்கு” என்று ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார். பெரிய டாக்டர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். என் அறை வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். வாரா வாரம் அதை மாற்றும் பொறுப்பும் எனக்கே வந்தது. ராகு காலத்தில் சர்வர் விழுந்தால் அது முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்று சுற்றறிக்கை வேறு போட்டார். பன்னிரண்டு நிமிடம் ஒன்றரை மணி நேரமாக ஆனது இப்படித்தான். என் முடிவல்ல அது.

அப்புறம் ஏன் அந்த அப்டேட்டைச் சத்தமில்லாமல் போட்டுவிடவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. யோசித்துப் பாருங்கள். நான் அப்டேட் போட்டு சர்வர் விழாமல் நின்றிருந்தால், எல்லோரும் எலுமிச்சம்பழத்துக்கு சக்தி என்றல்லவா சொல்லியிருப்பார்கள்? படித்தவன் அதற்கு எப்படித் துணைபோவது? அதனால் தொடர்ந்தேன். எடுத்த வேலையை அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. காலண்டரைப் பார்த்து வெள்ளி என்றால் பத்தரைக்கு மேல், வியாழன் என்றால் ஒன்றரைக்கு மேல் என்று ஒரு தடவைகூடப் பிசகாமல் செய்தேன்.

எல்லோரும் ராகு காலத்துக்குப் பழகிக்கொண்டு டீ குடிக்கப் போக ஆரம்பித்தார்கள். என்னைத் தேடி வருவது நின்றது. அவசரப் பிரிவு நர்ஸ் புஷ்பமேரி டீக்கும் போகவில்லை. கம்ப்யூட்டரில் இருந்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்: எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று, ஊர் வாரியாக, அழகான கையெழுத்தில். சர்வர் விழுந்தாலும் அவர் பிரிவில் வேலை நடந்தது. நோயாளிகளின் விவரத்தைக் காகிதத்தில் வைப்பது பாதுகாப்பு விதிக்கு விரோதம், மேடம். விதியை நான் எழுதவில்லை. புகார்தான் எழுதினேன். நோட்டு என் பீரோவுக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் புதன்கிழமை பன்னிரண்டு இருபதுக்கு சர்வரை விழ வைத்தேன். பன்னிரண்டரை இருக்கும், புஷ்பமேரி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“சார், செத்த நேரம் தொறந்து விடுங்க சார். குஜிலியம்பாறையில இருந்து ஒரு அம்மா, கை ஒடிஞ்சு துடிக்குது. ஏதோ ஊசி ஒத்துக்காதாம், பேரு தெரியலங்குது. போன வருசம் இங்கதான் எழுதிக்கிட்டாங்கங்குது.”

“கம்ப்யூட்டர்ல புகார் டிக்கெட் போடுங்க சிஸ்டர். முறைன்னு ஒண்ணு இருக்குதுங்களே” என்றேன்.

“எதுல சார் போடுறது? சிஸ்டம்தான் செத்துக் கெடக்கே.”

அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டேன். ராகு காலம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருப்பதையும் சுற்றறிக்கையையும் நினைவுபடுத்தினேன்.

“என் நோட்டையாவது குடுங்க சார். பாத்துட்டுத் திருப்பித் தாரேன். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

பறிமுதல் செய்த பொருளைக் கொடுக்கப் பெரிய டாக்டரின் கையெழுத்து வேண்டும் என்றேன். ராகு காலத்தில் அவர் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. அது புஷ்பமேரிக்கும் தெரியும். வந்த வழியே திரும்பி ஓடினார். மறைக்காமல் சொல்கிறேன், மூன்று வாரத்துக்குப் பிறகு ஒருவர் என்னைத் தேடி வந்து கெஞ்சியது எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது.

அங்கம்மாளை ஒரு மணி நேரம் துடிக்கவிட டூட்டி டாக்டருக்கு மனசு வரவில்லை. வழக்கமான வலி ஊசியைப் போடச் சொன்னாராம். புஷ்பமேரி வேண்டாம் என்றாராம், டாக்டர் விடவில்லை. ஒன்று பத்துக்கு உயிர் போயிருக்கிறது. ஒன்றரைக்கு நான் சர்வரை ஓட வைத்து அந்த அம்மாவின் பதிவைப் பார்த்தேன். அந்த ஊசியின் பெயர்தான் சிவப்பு எழுத்தில் இருந்தது. நோட்டிலும் பார்த்தேன். மூன்றாம் பக்கம், குஜிலியம்பாறை, அங்கம்மாள். எழுத்துப்பிழைகூட இல்லை.

பதிவைப் பார்க்காமல் ஊசி போட்டதாக நிர்வாகம் புஷ்பமேரி மேல் உங்களிடமே புகார் கொடுத்தது. ஆதாரம் வேண்டும் என்றார்கள், யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்று கம்ப்யூட்டர் குறித்து வைக்கும் லாக்கை எடுத்துக் கொடுத்தேன். அதில் பொய்யே கிடையாது. புதன்கிழமை பன்னிரண்டு இருபதுக்கு மேல் அவர் எந்தப் பதிவையும் திறக்கவில்லை. அன்று மாலையே அவருடைய பெயரை டைரக்டரியிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன், ஒரு நிமிட வேலை. அவர் ரிமாண்டில் இருப்பதையும், அவருக்கு ஒரு பெண் குழந்தை இருப்பதையும் பேப்பரில் படித்தேன். அன்றும் நான் வேலைக்குப் போனேன்.

இன்று ஏன் வந்தேன் என்றுதானே பார்க்கிறீர்கள்? நேற்று மதுரையிலிருந்து நிபுணர்கள் என்று இரண்டு பேர் வந்து அறிக்கை கொடுத்தார்கள். ‘பராமரிப்பு இல்லாத காரணத்தால் சர்வர் அவ்வப்போது தானாகவே விழுந்துள்ளது’ என்று எழுதியிருக்கிறார்கள். இரவெல்லாம் தூக்கம் வரவில்லை, மேடம். எனக்கும் மனசாட்சி இருக்கிறது. புஷ்பமேரியை நீங்கள் விடுங்கள், விடாமல் போங்கள், அது உங்கள் பாடு. அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு எழுதுங்கள்: பதினான்கு முறையும் அதை விழ வைத்தது நெய்க்காரப்பட்டி பழனிக்குமார், என் பராமரிப்பில் அந்த சர்வர் ஒருமுறைகூடத் தானாக விழுந்ததில்லை.